வராதவரை யார் எண்ணுவது?

(எமது கல்லூரியின் நூற்றாண்டையொட்டிப் பழைய மாணவியர் சங்கம் நடத்திய ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இந்த மண்டபத்தில் நான் கடைசியாக ஒலிவாங்கியின் முன் நின்றது ஒரு பேச்சுப் போட்டியில். பாதியில் வரி மறந்துபோனது. மேடைக்குக் கீழே நின்று மெதுவாக முதற்சொல்லை எடுத்துத் தந்த ரீச்சர் இன்று முன்வரிசையில் இருக்கிறார். அவருக்கு மறுபடியும் சிரமம் கொடுக்கக் கூடாது என்பதற்காக இம்முறை எழுதிக்கொண்டே வந்திருக்கிறேன்.

செயலாளர் என்னை அழைத்தபோது, "நீங்கள் டொக்டர்தானே, பெண்களின் சுகாதாரம் பற்றி ஏதாவது பேசுங்கோ" என்றார். நான் வேறொரு தலைப்பைக் கேட்டு வாங்கினேன். இங்கிருந்து பல்கலைக்கழகம் போகும் பிள்ளைகளை அங்கே யார் பார்த்துக்கொள்கிறார்கள்? நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்களா என்பதை எப்படி அறிவது? இதுதான் அந்தத் தலைப்பு. கேட்பதற்கு நிர்வாகக் காரியம் போல இருக்கும். கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

நான் தென்பகுதியிலுள்ள ஒரு பல்கலைக்கழகத்தின் சுகாதார நிலையத்தில் மருத்துவ அதிகாரியாக இருக்கிறேன். ஆஸ்பத்திரி வேலையை விட்டு இதற்கு வந்தபோது, "இருமலும் தடிமனும் பார்க்கவோ இவ்வளவு படிச்சனீ?" என்று அம்மா கேட்டார். இருமலும் தடிமனும் வருகின்றன என்பது உண்மைதான். அவற்றோடு சேர்ந்து வேறு பலவும் வருகின்றன.

பல்கலைக்கழகம் என்றால் விரிவுரையும் பரீட்சையும் என்றுதான் வெளியிலுள்ளவர்கள் நினைப்பார்கள். அவற்றைச் சுற்றி இன்னொரு பல்கலைக்கழகம் இருக்கிறது. விடுதி, கன்ரீன், மகாபொல, பேர்சரி, மாணவர் ஆலோசகர், சுகாதார நிலையம், தொழில் வழிகாட்டல், விளையாட்டு, பகிடிவதைத் தடுப்புக் குழு எல்லாம் அதற்குள் அடங்கும். மாணவர் நலச் சேவைகள் என்று இவற்றைச் சொல்கிறோம். இலங்கைப் பல்கலைக்கழகம் 1942 இல் கொழும்பில் தொடங்கி, 1952 இல் பேராதனைக்கு நகர்ந்தபோது, மாணவர் அனைவரும் அங்கேயே தங்கிப் படிக்க வேண்டும் என்பதே சேர் ஐவர் ஜெனிங்ஸின் கனவாக இருந்தது. ஒவ்வொரு மண்டபத்திற்கும் ஒரு காப்பாளர்; காப்பாளருக்குத் தன் பிள்ளைகளின் முகம் தெரியும். இன்று 17 அரச பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. பிள்ளைகள் பெருகிவிட்டார்கள். விடுதி கிடைப்பதே பாடாக இருக்கிறது. முகம் தெரிந்த காப்பாளர் என்ற ஏற்பாடு எப்போதோ கைநழுவிப் போய்விட்டது.

அதோடு, பிள்ளைகள் வெகுதூரத்திலிருந்தும் வருகிறார்கள். பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீதமான இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுவதை நீங்கள் அறிவீர்கள். அந்த ஒதுக்கீட்டில் மன்னாரிலிருந்தும் முல்லைத்தீவிலிருந்தும் ஒரு பிள்ளை மாத்தறைக்கோ பெலிகுல்லோயாவுக்கோ போய்ச் சேருகிறது. அனுமதி கொடுத்ததோடு நீதி செய்தாயிற்று என்று நாம் நினைக்கிறோம். போன பிள்ளை அங்கே நிலைத்ததா என்பது வேறு கணக்கு.

இனி ஒரு மாணவியைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விபரங்களை மாற்றியிருக்கிறேன்.

முதலாம் வருட மாணவி. வடக்கில் ஒரு கிராமம். முதல் செமெஸ்டரில் ஐந்து தடவை என்னிடம் வந்தார். முதல் தடவை தலையிடி. பிறகு வயிற்று நோ. பிறகு தலைச்சுற்று. மறுபடியும் தலையிடி. கடைசியாக, "நித்திரை வருகுதில்லை டொக்டர்" என்றார். இரத்த அழுத்தம் பார்த்தேன். கீழிமையை இழுத்து இரத்தச்சோகை இருக்கிறதா என்று பார்த்தேன். பனடோலும் இரும்புச்சத்துக் குளிசையும் கொடுத்தேன். ஒவ்வொரு தடவையும் வெளியே நீண்ட வரிசை. ஒவ்வொரு வருகையையும் தனியாக எடுத்துப் பார்த்தால் என் வேலையில் பிழை சொல்ல முடியாது. ஐந்தையும் சேர்த்து வைத்து யாரும் பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டியவள் நான்.

இரண்டாம் செமெஸ்டர் தொடங்கிச் சில வாரங்களில் அவருடைய தந்தை வந்தார். கையில் விலகல் படிவம். அதில் சுகாதார நிலையத்தின் கையொப்பமும் வேண்டும். நான் தமிழில் பேசியதும் அவர் கதிரையின் நுனியிலிருந்து கொஞ்சம் பின்னால் நகர்ந்து இருந்தார்.

"பிள்ளைக்கு ஒத்துவரேல்லை டொக்டர். வீட்டிலயே நிக்கட்டும்" என்றார். பிறகு கொஞ்சம் பொறுத்து, "மகாபொல வரும் வரும் எண்டு பாத்துக்கொண்டு இருந்தவ. காசு காணாது எண்டு எங்களுக்கு ஒருநாளும் சொல்லேல்லை. ஒரு நேரம்தான் சாப்பிட்டிருக்கிறா. கூட இருந்த பிள்ளை சொல்லித்தான் எங்களுக்கே தெரியும்" என்றார்.

கையொப்பம் வைத்துக் கொடுத்தேன். வேறென்ன செய்வது?

அன்று பின்னேரம் என் மேசையில் வருடாந்த அறிக்கை முடிக்கப்படாமல் கிடந்தது. அந்த வருடம் நாம் நடத்திய கருத்தரங்குகளின் வரவுப் பதிவேடுகளும் பக்கத்தில் இருந்தன. ஒன்று மன அழுத்தத்தைக் கையாள்வது பற்றியது. மற்றது சமநிலை உணவு பற்றியது. ஏனென்று தெரியவில்லை, எடுத்துப் புரட்டினேன். இரண்டிலும் அந்தப் பிள்ளையின் கையொப்பம் இருந்தது. பசியோடு வந்து சமநிலை உணவு பற்றிய விரிவுரையைக் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். எமது அறிக்கையில் "பயனடைந்தோர்" என்ற நிரலில் அவர் இரண்டு தடவை எண்ணப்பட்டிருந்தார்.

அன்றைக்குத்தான் நான் இந்த விடயத்தை உண்மையில் படிக்கத் தொடங்கினேன்.

எமது மருத்துவத் துறையில் இதற்கு ஒரு பழைய வழிகாட்டி இருக்கிறது. அவெடிஸ் டொனபேடியன் என்ற மருத்துவர் பெய்ரூட்டில் ஓர் ஆர்மீனியக் குடும்பத்தில் பிறந்து, பின்னர் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர். மருத்துவப் பராமரிப்பின் தரத்தை மூன்று பக்கமிருந்து பார்க்க வேண்டும் என்று 1966 இல் அவர் எழுதினார்: கட்டமைப்பு, செயன்முறை, விளைவு. எங்கள் விடுதிக் குசினியை வைத்துச் சொல்கிறேன். அடுப்பும் அண்டாவும் சமையற்காரரும் இருப்பது கட்டமைப்பு. நேரத்திற்குச் சுத்தமாகச் சமைத்துப் பரிமாறுவது செயன்முறை. பிள்ளை சாப்பிட்டதா, பசி ஆறியதா என்பது விளைவு. முதல் இரண்டும் நன்றாக இருந்தும் மூன்றாவது நடக்காமல் போகலாம்.

பல்கலைக்கழக அறிக்கைகளை இந்த மூன்று கண்களால் பாருங்கள். எத்தனை ஆலோசகர்கள், எத்தனை கட்டில்கள், எத்தனை கருத்தரங்குகள், எத்தனை பேர் பங்குபற்றினர் என்பன இருக்கும். இவை கட்டமைப்பும் செயன்முறையும். விளைவு என்ற பகுதி பெரும்பாலும் வெறுமையாக இருக்கும், அல்லது "மாணவர்கள் பெரிதும் பயனடைந்தனர்" என்ற ஒரு வரி இருக்கும். நானும் அப்படி எழுதியவள்தான். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு 2015 இல் வெளியிட்ட தரமீளாய்வுக் கையேட்டில் மாணவர் ஆதரவும் முன்னேற்றமும் மதிப்பிடப்பட வேண்டிய விடயங்களாகச் சேர்க்கப்பட்டுள்ளன. நல்ல காரியம். ஆனால் மீளாய்வுக் குழு வரும்போது கோவைகளைத் தூசு தட்டி அடுக்கிவைப்பதும் மதிப்பீடும் ஒன்றல்ல. மதிப்பீடு என்றால், கிடைக்கும் பதில் மனதைச் சங்கடப்படுத்தக்கூடிய ஒரு கேள்வியைக் கேட்பது. அந்தப் பதிலால் அடுத்த மாதம் ஏதாவதொன்றை மாற்றுவது.

கேள்வியைச் சரியாகக் கேட்பதும் இலேசல்ல. உதாரணமாக, தலைமைத்துவப் பயிற்சிக்கு வந்தவர்கள் மற்றவர்களைவிட நல்ல சித்தி பெற்றார்கள் என்று வைத்துக்கொள்வோம். அது பயிற்சியின் பலனா? அல்லது ஏற்கெனவே துணிவும் வசதியும் உள்ளவர்கள்தான் அந்தப் பயிற்சிக்கு வந்தார்களா? அமெரிக்கக் கல்வியியலாளர் அலெக்சாண்டர் அஸ்டின் இதைத்தான் வற்புறுத்தினார். உள்ளே வந்தபோது பிள்ளை எப்படி இருந்தது, என்ன சூழலில் வாழ்ந்தது, வெளியேறும்போது எப்படி இருந்தது என்ற மூன்றையும் சேர்த்துப் பார்க்காமல் எந்தத் திட்டத்திற்கும் புகழ் சேர்க்கக் கூடாது. மருந்து கொடுக்காமலே மாறியிருக்கும் காய்ச்சலுக்கு மருந்தைப் பாராட்டுவது போன்றதுதான் அது.

இன்னொரு பொறி மௌனம். பகிடிவதைக்கு எதிராக 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. பகிடிவதைக்கு இரண்டு வருடம் வரை கடூழியச் சிறை. பாலியல் தொல்லையோ பாரதூரமான காயமோ விளைவித்தால் பத்து வருடம் வரை. கடுமையான சட்டம். எமது வளாகத்தில் அதற்காக ஒரு முறைப்பாட்டுப் பெட்டியும் வைத்திருந்தோம். வருடாந்த அறிக்கையில் "முறைப்பாடுகள்: இல்லை" என்று எழுதப்பட்டது. மகிழ்ந்தோம். ஒருநாள் நான் அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் சும்மா நின்று பார்த்தேன். மூத்த மாணவர்கள் கூடியிருக்கும் படிக்கட்டுக்கு நேரெதிரே அது மாட்டப்பட்டிருந்தது. அவர்கள் கண்முன்னே யார் கடிதம் போடுவார்கள்? வெறும் பெட்டியைப் பார்த்து வளாகம் சுகமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறோம். நாடி பிடிக்காமலே "நாடி சீராக உள்ளது" என்று எழுதியதற்குச் சமம்.

சரி, என்ன மாற்றினோம்? பெரிய திட்டம் எதுவும் இல்லை. ஒரு மாணவர் ஆலோசகர், ஓர் உப விடுதிக் காப்பாளர், நான். வாரத்தில் ஒருநாள் அரை மணித்தியாலம் ஒன்றாக இருந்து தேநீர் குடித்தோம்.

முதலாவது, சுகாதார நிலையத்தின் அட்டையில் இரண்டு வரிகள் சேர்த்தேன். "இன்று என்ன சாப்பிட்டீர்கள்?" "இந்த மாதம் இது எத்தனையாவது தடவை?" மூன்றாவது தடவை என்றால் அந்தப் பிள்ளைக்கு வரிசை முடிந்தபின் இருபது நிமிடம் தனியாக ஒதுக்கப்படும். சாப்பாட்டைப் பற்றிய கேள்வி நான் எதிர்பார்க்காத கதவுகளைத் திறந்தது. "சுகமா?" என்றால் ஓம் என்று சொல்லும் பிள்ளை, "காலமை என்ன சாப்பிட்டனீங்கள்?" என்றால் பதில் தேடித் தடுமாறும்.

இரண்டாவது, நேரம். விரிவுரைகள் முடியுமுன்பே சுகாதார நிலையம் பூட்டப்பட்டு வந்தது. வாரத்தில் ஒருநாள் மாலை திறந்து வைத்தோம். பகலில் ஒருபோதும் காணாத முகங்கள் வந்தன.

மூன்றாவது, வரவு. பரீட்சை எழுத 80 வீத வரவு வேண்டும் என்பது விதி. ஆகவே வரவை செமெஸ்டர் முடிவில்தான் கூட்டிப் பார்ப்பார்கள், பிள்ளையைப் பரீட்சைக்கு விடலாமா என்று தீர்மானிக்க. நோயாளி போனபின் காய்ச்சல் அட்டையை வாசிப்பது போல. தொடர்ந்து இரண்டு வாரம் வராதவரின் பெயரை உடனே ஆலோசகருக்குத் தரும்படி கேட்டுக்கொண்டோம். தண்டிக்க அல்ல, அழைத்துப் பேச.

இங்கே ஓர் எல்லைக்கோடு முக்கியம். என்னிடம் ஒரு பிள்ளை சொன்னதை நான் ஆலோசகருக்கோ விடுதிக்கோ சொல்ல முடியாது, சொல்லவும் இல்லை. வரவுத் தகவல் அவர்களிடமிருந்து ஆலோசகருக்கு வரலாம். மருத்துவத் தகவல் என்னிடமிருந்து வெளியே போக வேண்டுமானால் அந்தப் பிள்ளையின் சம்மதம் வேண்டும். "ஆலோசகரிடம் நான் பேசட்டுமா?" என்று கேட்பேன். சிலர் வேண்டாம் என்றார்கள். அதை மதித்தேன். இரகசியம் காக்கப்படாது என்று ஒரு பிள்ளைக்குத் தோன்றினால் அடுத்த பத்துப் பிள்ளைகள் வரமாட்டார்கள்.

நான்காவது, விலகிப் போனவர்களை அழைத்துக் கேட்டோம். எவரும் செய்யாத வேலை அது. பலர் எடுக்கவில்லை. எடுத்தவர்கள் சொன்னவற்றில் பாடம் கடினம் என்பது குறைவு. முதல் மாதங்களில் பணம் வந்து சேருமுன் கையில் ஒன்றுமில்லை, போர்டிங் வீட்டில் பயமாக இருந்தது, அறிவித்தல்கள் விளங்கவில்லை, யாரிடம் போவது என்று தெரியவில்லை. இவைதான் திரும்பத் திரும்ப வந்தன.

எல்லாம் வெற்றி என்று நினைக்க வேண்டாம். ஒவ்வொரு புதிய மாணவிக்கும் ஒரு மூத்த மாணவியை "அக்கா"வாக நியமித்தோம். கேட்க நன்றாக இருந்தது. ஆறாவது வாரம் புதியவர்களிடம் பெயரில்லாத தாளில் கருத்துக் கேட்டபோதுதான், நாம் நியமித்த அக்காமாரில் சிலரே பகிடிவதை செய்வோரின் பக்கம் நின்றது தெரியவந்தது. கேட்காமல் விட்டிருந்தால் அந்தத் திட்டத்தையும் அறிக்கையில் பெருமையாக எழுதியிருப்போம். அடுத்த வருடம் முறையை மாற்றி, முதல் மாதம் கழித்துத் தங்களுக்கு நம்பிக்கையானவரைப் புதியவர்களே தெரிவு செய்யும்படி விட்டோம். முறைப்பாட்டுப் பெட்டியையும் கழற்றிவிட்டு ஒரு தொலைபேசி இலக்கம் கொடுத்தோம். முறைப்பாடுகள் வரத் தொடங்கின. எண்ணிக்கை கூடியதைப் பார்த்து மேலிடத்தில் சிலர் கவலைப்பட்டார்கள். நான் நிம்மதியடைந்தேன்.

விலகுவோர் தொகை குறைந்ததா என்று நீங்கள் கேட்பீர்கள். ஒரு பீடம், சிறிய தொகை, சில வருடங்கள். அதை வைத்து வெற்றி கொண்டாட எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் யார் விலகப் போகிறார் என்பது இப்போது படிவம் வருமுன்பே எங்களுக்கு ஓரளவு தெரிகிறது. பேசுவதற்கு நேரம் கிடைக்கிறது.

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. தெற்கில் படிக்கும் எங்கள் பிள்ளைக்குத் தன் மனதிலுள்ளதைத் தன் மொழியில் சொல்ல ஓர் ஆள் தேவை. அது போலவே யாழ்ப்பாணத்திலும் வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் படிக்கும் சிங்களப் பிள்ளைகளுக்கும் தேவை. பரீட்சையை ஆங்கிலத்தில் எழுதிவிடலாம். அழுகைக்குத் தாய்மொழிதான் வரும். ஒரு பல்கலைக்கழகத்தின் ஆலோசனைச் சேவையை மதிப்பிட வேண்டுமானால், அங்கே சிறுபான்மையாக இருக்கும் பிள்ளை எந்த மொழியில் பேச முடிகிறது என்று முதலில் பாருங்கள்.

பணத்தைப் பற்றியும் ஒன்று. அமெரிக்காவின் அட்லாண்டாவிலுள்ள ஜோர்ஜியா ஸ்டேட் பல்கலைக்கழகம் தன் மாணவர்கள் ஏன் இடைவிலகுகிறார்கள் என்று பதிவேடுகளைத் தோண்டிப் பார்த்தது. படிப்பை முடிக்கும் தறுவாயில் இருந்த பலர் சில நூறு டொலர் கட்டண நிலுவைக்காகப் பதிவு நீக்கப்பட்டிருந்தார்கள். 2011 இல் அந்த நிலுவையைப் பல்கலைக்கழகமே செலுத்திவிடும் சிறு உதவித்தொகை ஒன்றைத் தொடங்கினார்கள். மாணவர் விண்ணப்பிக்கும் வரை காத்திருக்கவில்லை. பட்டியலைப் பார்த்துத் தாமே தேடிப் போனார்கள். எமது நாட்டில் 1981 முதல் மகாபொல இருக்கிறது. எத்தனையோ ஏழைப் பிள்ளைகளைப் பட்டதாரிகளாக்கிய திட்டம் அது. நானும் அந்தப் பணத்தில் படித்தவள்தான். ஆனால் உதவியின் அளவைப் போலவே அது வந்து சேரும் நாளும் முக்கியம். மார்ச்சில் வரும் பணம் ஜனவரிப் பசியை ஆற்றாது.

அன்புள்ள அக்காமாரே, தங்கைமாரே, இதையெல்லாம் ஏன் இங்கே சொல்கிறேன்?

எங்கள் பாடசாலை விடுதியில் இருந்தவர்களுக்கு நினைவிருக்கும். இரவுச் சாப்பாட்டு நேரம் மேற்றன் அம்மா சாப்பாட்டு மண்டபத்துக் கதவடியில் நிற்பார். வந்தவர்களை அவர் எண்ணியதில்லை. "எங்கை அவள்?" என்றுதான் கேட்பார். வராத பிள்ளையின் கட்டிலடிக்குத் தானே போவார். தட்டில் சோற்றை ஒதுக்கி வைத்தவளையும் விடமாட்டார். எங்களுக்கு அன்று அது தொல்லையாக இருந்தது. எந்தக் கையேடும் படிக்காமல் அவர் செய்த மதிப்பீடு அது. நான் பல வருடம் படித்து, ஒரு பிள்ளையை இழந்த பிறகுதான் அதைக் கற்றுக்கொண்டேன்.

இப்போது எம்மைப் பார்ப்போம். ஒவ்வொரு வருடமும் பல்கலைக்கழகம் தெரிவாகும் தங்கைமாரை இந்த மேடைக்கு அழைக்கிறோம். மாலை போடுகிறோம். காசோலை கொடுக்கிறோம். படம் எடுத்து மலரில் போடுகிறோம். சென்ற வருடம் மேடையேறிய பிள்ளைகள் எல்லோரும் இன்றும் படித்துக்கொண்டிருக்கிறார்களா? நான் செயலாளரிடம் கேட்டேன். அவர் நேர்மையாகச் சொன்னார்: "தெரியாது." அவரைக் குறை சொல்லவில்லை. நானும் இந்தச் சங்கத்தின் உறுப்பினர்தான். நானும் ஒருநாளும் கேட்டதில்லை.

ஆகவே நூற்றாண்டின் பேரில் நான்கு சிறிய காரியங்களை முன்வைக்கிறேன்.

ஒன்று, ஒரு கொப்பி. இந்த வருடம் போகும் ஒவ்வொரு பிள்ளையின் பெயரும், போகும் இடமும், தொலைபேசி இலக்கமும் அதில் இருக்கட்டும். அந்த ஊரிலோ அதற்குக் கிட்டவோ இருக்கும் பழைய மாணவி ஒருவரின் பெயரும் பக்கத்தில் இருக்கட்டும். பேராதனையிலும் மொறட்டுவையிலும் மாத்தறையிலும் பதுளையிலும் எம்மவர் ஒருவராவது இல்லாமல் போகமாட்டார்.

இரண்டு, மூன்று அழைப்புகள். இரண்டாவது வாரம், ஆறாவது வாரம், முதற் பரீட்சை முடிந்த பின். "எப்படி இருக்கிறீர்?" என்று கேட்க வேண்டாம். "எங்கே தங்கியிருக்கிறீர்? காசு வந்துவிட்டதா? இன்று என்ன சாப்பிட்டீர்?" என்று கேளுங்கள்.

மூன்று, மேடையில் கொடுக்கும் காசோலையில் ஒரு பகுதியைப் பிடித்து வைத்து அவசர நிதியாக்குவோம். கேட்ட இரண்டொரு நாளில் பிள்ளையின் கணக்கிற்குப் போக வேண்டும். படம் வேண்டாம். பெயரும் வேண்டாம். லண்டன், ரொறன்ரோ, மெல்பேர்ண் பக்கமிருந்து வாசிக்கும் சகோதரிகளிடம் நான் கேட்பது இதைத்தான். புதிய கட்டடத்தின் கல்வெட்டில் பெயர் வரும். இந்த நிதியில் வராது.

நான்கு, வருட முடிவில் கொப்பியைத் திறந்து எண்ணுவோம். எத்தனை பேர் படிக்கிறார்கள், எத்தனை பேர் விலகினார்கள், எத்தனை பேரை எம்மால் தொடர்புகொள்ளவே முடியவில்லை. கடைசி எண்ணிக்கைதான் எமக்குரிய மதிப்பெண். அதைப் பொதுக்கூட்டத்தில் வாசிப்போம். பெயர்களை அல்ல, எண்களை மட்டும். அடுத்த வருடம் எதை மாற்றுவது என்று அதிலிருந்து தெரியும்.

பின்வரிசையில் இருக்கும் பிள்ளைகளே, உங்களுக்கும் ஒரு சொல். இங்கே கெட்டிக்காரியாக இருந்தவளுக்கு அங்கே உதவி கேட்கக் கூச்சமாக இருக்கும். முதல் தடவை போன இடத்தில் உதவி கிடைக்காவிட்டால் அது உங்கள் பிழையல்ல; இரண்டாவது கதவைத் தட்டுங்கள். இரவிலும் மனம் கலங்கினால் 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கம் இருக்கிறது. வீட்டாருக்குப் பாரமாக இருக்கக் கூடாது என்று பசியை மறைக்க வேண்டாம். அப்பாவுக்குத் தெரியாமல் இருந்ததுதான் அவருக்குப் பெரிய பாரமாகப் போனது என்பதை நான் நேரில் பார்த்தவள்.

அந்த மாணவி மீண்டும் பல்கலைக்கழகத்திற்கு வரவில்லை. நாங்கள் அழைத்துப் பேசியவர்களில் அவரும் ஒருவர். ஊரில் ஒரு முன்பள்ளியில் படிப்பிக்கிறார். "சந்தோசமா இருக்கிறன் டொக்டர்" என்றார். உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் மண்ணெண்ணெய் விளக்கில் படித்துப் பிடித்த ஓரிடத்தை அவர் தானாக விட்டுப் போகவில்லை. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கக் கைநழுவியது. அந்த இரண்டு வரவுப் பதிவேடுகளின் அந்தப் பக்கங்களைப் பிரதி எடுத்து, பெயரை மறைத்து, என் மேசை இலாச்சியில் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு வருடமும் அறிக்கை எழுதத் தொடங்குமுன் ஒருமுறை எடுத்துப் பார்ப்பேன்.

கொப்பியை நான் இன்று வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன். வெளியே வரவேற்பு மேசையில் இருக்கிறது. எந்த ஊரிலுள்ள பிள்ளைக்கு நீங்கள் அழைப்பு எடுக்கலாம் என்பதைப் போகும்போது எழுதிவிட்டுப் போங்கள்.